வெயில் காணாத பனியன்

பிள்ளைகளா, போன வாரம் நம் வீட்டில் ஒரு கட்டிலுக்கடியில் உருண்டுபோன பொத்தானை எடுக்கக் குனிந்தேன். அங்கே சுவரோரமாக ஒரு சணல் கயிறு கட்டி, அதில் இரண்டு பனியன் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றுக்குள் ஒன்று மாட்டியபடி, இரண்டும் ஈரம். வாசலில் அவ்வளவு பெரிய கொடி இருக்க, வெயில் காய்ந்துகொண்டிருக்க, இது ஏன் இங்கே இருட்டில் காய்கிறது என்று உங்கள் அம்மாவாக இருந்தால் சத்தம் போட்டிருப்பாள். நான் போடவில்லை. அந்த ஈரத்துணியின் புழுங்கல் வாடை எனக்குப் பழக்கமானது. யாருடைய கட்டில் என்று இங்கே எழுதப் போவதில்லை. நீங்கள் மூன்று பேரும் ஆண்பிள்ளைகள், மூன்று பேரும் படியுங்கள். இது உங்கள் பெரிய மாமாவைப் பற்றி, அதாவது என் அக்காவின் கணவரைப் பற்றி நான் சொல்ல நினைத்து நாள் கடத்திய விஷயம்.

எனக்குப் பதிமூன்று வயதில் நெஞ்சு இரண்டு பக்கமும் வலிக்க ஆரம்பித்தது. தொட்டால் காம்புக்கு அடியில் புளியங்கொட்டை மாதிரி ஒன்று உருண்டது. பிறகு வலி போய்விட்டது, ஆனால் கட்டி போகவில்லை. பெண்பிள்ளைகளுக்கு வளர்வது போல நெஞ்சு வளர்ந்தது. அப்பாவும் அம்மாவும் தவறிப்போய், ரப்பர் தோட்டத்திலிருந்து அக்கா வீட்டுக்கு, இந்தக் காஜா பேராங் ஊருக்கு, நான் வந்து சேர்ந்த நேரம் அது. யாரிடம் சொல்வது? அக்காவின் ஊசியை எடுத்து, மாவுச் சாக்குத் துணியில் நானே ஒரு பனியன் தைத்துக்கொண்டேன். மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கம். அதன் மேல் கடைப் பனியன், அதற்கு மேல் சட்டை. பொது பைப்பில் குளிக்கும்போதும் பனியனோடுதான் குளிப்பேன். துவைத்ததைக் கட்டிலடியில் காயப்போடுவேன். அது காயாது. காலையில் ஈரத்தோடு எடுத்து மாட்டினால் முதலில் சில்லென்று இருக்கும், பத்து மணிக்கெல்லாம் அரிக்க ஆரம்பிக்கும். அக்குளில் புண் ஆறிய நாளே கிடையாது.

வளர்ந்து ரப்பர் கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்தேன். ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, குமிழி இருக்கிறதா, அழுக்கு இருக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை. தகரக் கூரைக்கு அடியில் எல்லாரும் வெற்றுடம்போடு நிற்பார்கள். நான் மட்டும் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு நிற்பேன். அதனால் எனக்கு அங்கே பெயர் 'தொரை'. "தொரைக்கு வேர்க்குதுடா, யாராச்சும் விசிறுங்கடா" என்பார்கள். சிரித்துக்கொள்வேன். தொரை என்ற பட்டம் பரவாயில்லை. உண்மை தெரிந்தால் என்ன பட்டம் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அத்தான், தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியிடம் லாரி ஓட்டினார். ஆள் பெரிய உருவம், அதைவிடப் பெரிய வயிறு, அதைவிடப் பெரிய சிரிப்பு. அவர் வீட்டில் இருக்கிறாரா என்று யாரும் உள்ளே வந்து கேட்க வேண்டாம், ரோட்டில் நின்றாலே தெரியும். என்னை "மச்சான்" என்றுதான் கூப்பிடுவார். அவர் முன்னால் நான் அதிகம் பேசமாட்டேன். அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தால் ஊருக்கே தெரிந்தது மாதிரி என்று எனக்கு ஒரு பயம்.

மெர்டேக்கா, மலாய் நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று கடைக்குக் கடை பேசிக்கொண்டிருந்த காலத்தில் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஏங்கிப் பெற்ற பிள்ளை. முருகன் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவது என்று அக்காவின் வேண்டுதல். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன், அதாவது நான், ஒரே ஆள். அந்தக் கோயிலில் ஆண்கள் சட்டை, பனியன் எதுவும் இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும். அதனாலேயே அத்தனை வருஷமும் நான் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தவன். "வேற யாரையாச்சும் உட்கார வைங்க அக்கா" என்றேன்.

"வேற யாரு இருக்கா எனக்கு?" என்றாள் அக்கா. "என் புள்ள மேல உனக்கு என்னடா கோவம்?"

எழுந்து போய்விட்டேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதது வெளியே கேட்டது. எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கும் கேட்டிருக்கிறது. அந்தப் பெரியம்மா எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடிப்பவர். நான் அப்போது தெங்கேராவில் ஒரு தேவாலயத்தில் நடந்த சாயங்கால இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். "உன் தம்பி வேதத்துல சேர்ந்துட்டான்டி. கழுத்துல சிலுவை கெடக்கு, அதான் சட்டையக் கழட்டாம திரியறான். கோயிலுக்குள்ளயும் வரமாட்டேங்கிறான்" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா நம்பிவிட்டாள். அத்தானும் நம்பிவிட்டார். இரண்டு வாரம் அத்தான் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் அது பெரிய மாறுதல்.

ஒரு நாள் மத்தியானம் "வா மச்சான், பத்து பெரெண்டாம் ஊர் வரைக்கும் ஒரு லோடு" என்று லாரியில் ஏற்றிக்கொண்டார். போகும் வழியில் நல்ல மழை. ரோட்டோரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல், என்னைப் பார்க்காமல் பேசினார்.

"நீ எந்தச் சாமியக் கும்பிட்டாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. உங்கக்காவுக்கு நான் சொல்லிக்கிறேன். காது குத்துற அன்னிக்கு மட்டும் அந்தச் சிலுவையக் கழட்டி என்கிட்ட குடு. பத்திரமா வச்சிருந்து, சாயங்காலம் நானே உன் கழுத்துல மாட்டி விடுறேன். போதுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேதத்தில் சேர்ந்தவனுக்கே இவ்வளவு இடம் வைத்திருக்கிற மனிதர்! பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடைப் பனியனைக் கழற்றினேன். கடைசியாகச் சாக்குத் துணிப் பனியனையும் தலைவழியே உருவினேன். கழற்றிவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அத்தான் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இப்ப இல்ல அத்தான்."

"எப்போலேருந்து?"

"உங்க வீட்டுக்கு வந்தப்போலேருந்து."

"என் வீட்லயே இருந்துகிட்டா இப்படி இருந்த?" என்றார். என் மடியில் கிடந்த சாக்குத் துணிப் பனியனைத் தொட்டுப் பார்த்தார். "ஈரமா இருக்கேடா" என்றார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னைப் போர்த்தினார். பிறகு திடீரென்று, "அடப்பாவி, நான் அந்தப் பாதிரியார்கிட்ட போய் உனக்கு ஒரு நாள் அனுமதி கேக்க எப்படி ஆரம்பிக்கிறதுன்னு ரெண்டு வாரமாத் தூங்கல தெரியுமா? மலாய்ல பேசுறதா, தமிழ்ல பேசுறதான்னு!" என்று சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். அழுதுகொண்டே சிரிப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஏதாவது பொல்லாத கட்டியாக இருக்குமோ என்று ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறார். என்னை வேலைக்கு விடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த ஆள், மூக்குக் கண்ணாடி. அமுக்கிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், வேறு சோதனையெல்லாம் செய்தார். அத்தான் கதவோரத்தில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"பயப்பட ஒண்டும் இல்லை" என்றார் டாக்டர். "வளருற வயசுப் பெடியங்கள் கனபேருக்கு வாறதுதான். அநேகமாகத் தானா வத்திப்போகும். உமக்கு வத்தேல்லை, அவ்வளவுதான். நீர் ஒரு பிழையும் செய்யேல்லை, தம்பி."

நான் ஒன்றும் கேட்கவில்லை, பிள்ளைகளா. ஆனால் அத்தனை வருஷமாக நான் கேட்க நினைத்தது அதுதான். நான் செய்த ஏதோ ஒன்றால் வந்தது என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"வெட்டி எடுக்கலாம். எடுக்காமலும் இருக்கலாம், உயிருக்கு ஒண்டுமில்லை. உமக்கு என்ன விருப்பம்?"

"என் மருமகனை மடியில வச்சுக்கணும்" என்றேன். டாக்டருக்கு விளங்கவில்லை. அத்தான் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெட்டிருங்க ஐயா" என்றார்.

ஊருக்கு என்ன சொல்வது? அத்தான் அதற்கும் ஏற்பாடு செய்தார். மூட்டை தூக்கி எனக்குக் குடலிறக்கம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார். எவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்றால், தவுக்கேவின் சமையல்காரன் வரை என்னை வழியில் நிறுத்தி இடுப்பைக் காட்டி விசாரித்தான். எதையும் அடக்கத் தெரியாத வாய் என்று நான் பயந்தேனே, அந்த வாய்தான் எனக்குக் காவலாக நின்றது.

ஆபரேஷன் அன்று முகத்தில் எதையோ கவிழ்த்தார்கள், இனிப்பும் காட்டமுமாக ஒரு வாடை, அவ்வளவுதான் நினைவு. விழித்தபோது வாந்தி. நெஞ்சைச் சுற்றி இறுக்கமான கட்டு. எதை விட்டுத் தப்பிக்க வந்தேனோ அதே இறுக்கம்! நீர் வடிய, பக்கத்துக்கு ஒரு ரப்பர் துண்டு செருகியிருந்தார்கள். தரம் பிரிக்கிறவன் புத்தி, வலியிலும் அதைப் பார்த்து நல்ல ரப்பர் என்று நினைத்துக்கொண்டேன். கையைத் தூக்க முடியாது, இரும முடியாது, சிரிக்கவே கூடாது. அத்தான் வந்தால் எப்படிச் சிரிக்காமல் இருப்பது? கிட்டங்கி ஆட்கள் பார்க்க வந்து, "என்னண்ணே, குடலிறக்கம்னீங்க, கட்டு நெஞ்சுல இருக்கு?" என்று கேட்டார்கள். அத்தான் கொஞ்சமும் தயங்கவில்லை. "எறங்குன குடல மேல தள்ளுனாங்க. கொஞ்சம் கூடுதலா தள்ளிட்டாங்க" என்றார். தையல் பிரிந்துவிடும் போல எனக்கு வலித்தது.

அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவள் கஞ்சி கொண்டுவந்தாள். ஊட்டினாள். பாத்திரத்தைக் கழுவி வைத்த பிறகு, "நான் துவைச்சுக் குடுத்திருப்பேனேடா" என்றாள். அது ஒன்றுதான் சொன்னாள்.

கட்டுப் பிரிக்கும் நாளில் அத்தான் லாரியைத் தெருவில் நிறுத்திவிட்டு ஓடிவந்தார். கடைசிச் சுற்றுத் துணி விழுந்ததும் என் நெஞ்சு தட்டையாக, வீங்கிச் சிவந்து, கறுப்பு நூல் தையலோடு இருந்தது. அத்தான் கையை உயர்த்தி, "மெர்டேக்கா!" என்று கத்தினார். பக்கத்துக் கட்டில் மலாய்க்காரப் பெரியவருக்கு எதற்கென்று தெரியாது, அவரும் எழுந்து உட்கார்ந்து "மெர்டேக்கா!" என்றார். அந்த வரிசை முழுக்கக் கத்தியது. நர்ஸம்மா வந்து அத்தானை வெளியே துரத்தினார்.

ஆனால் தையல் ஆறியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. உடம்பு மாறிவிட்டது, கைக்குத் தெரியவில்லை. காதுகுத்து அன்று கோயில் வாசலில் எல்லாரும் சட்டையைக் கழற்றி உள்ளே போகிறார்கள், என் விரல் கழுத்துப் பொத்தானிலேயே நிற்கிறது. இடது பக்கம் ஒரு சிறு குழி விழுந்திருந்தது. அதை எல்லாரும் பார்ப்பார்கள் என்று தோன்றியது. அத்தான் உள்ளே போனவர் திரும்பி வந்தார். என் முன்னால் வெற்றுடம்போடு நின்று வயிற்றைத் தட்டினார்.

"என் பின்னாலயே வா மச்சான். இந்த வயித்தப் பாத்து முடிச்சவன் உன் நெஞ்சப் பாக்க நாளைக்குத்தான் வருவான்."

கழற்றினேன். காற்று பட்டது. பிள்ளையை மடியில் வைத்தார்கள். தலையில் தண்ணீர் தெளித்துக் கத்தி வைத்ததும் அவன் அலறி என் நெஞ்சில் முகத்தைப் புதைத்தான். ஈரமுடி கொத்துக் கொத்தாக என்மேல் விழுந்து ஒட்டியது. இடது பக்கம் மரத்துப்போய் அவன் மூச்சுத் தெரியவில்லை. வலது பக்கம் தெரிந்தது, சூடாக. எதிர்வீட்டுப் பெரியம்மா என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "சிலுவையக் காணோமே" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அத்தான் காதிலும் விழுந்தது. சிரிப்பை அடக்கியதில் அவர் வயிறு குலுங்கியது.

சாக்குத் துணிப் பனியனை அத்தான் லாரி இன்ஜின் துடைக்க வைத்துக்கொண்டார். "எண்ணெய நல்லா உறிஞ்சுதுடா" என்பார். கடைசிவரை யாரிடமும் அவர் சொல்லவில்லை. போன வருஷம் அவர் காரியத்தின்போது, அவர் மகனோடு நானும் வெற்றுடம்போடு நின்றேன். பல்லெல்லாம் விழுந்த அந்தப் பெரியம்மா என் கையைப் பிடித்து, "உன் குடலிறக்கம் இப்ப எப்படிடா இருக்கு?" என்று கேட்டார். அழுதுகொண்டிருந்த அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கட்டிலடியில் கயிறு கட்டிய மகனே, உனக்கு இது தானாக வற்றிப்போகும் வயதுதான். போகவில்லை என்றாலும் வழி இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வா, ராத்திரியானாலும் எழுப்பு. வரவில்லை என்றாலும் நான் கேட்கமாட்டேன்.

நேற்று நீங்கள் பந்து விளையாடப் போனீர்கள், உங்கள் அம்மா சந்தைக்குப் போனாள். நான் அந்தப் பனியன்களை எடுத்துச் சோப்புப் போட்டு அலசிப் பிழிந்தேன். வாசலில் வெயில் கொளுத்தியது. கொடிவரைக்கும் கொண்டுபோனேன். எதிர்வீட்டில் யாரோ நின்றார்கள். திரும்பி உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினேன். ஆவி அடங்கும்வரை இரண்டையும் திருப்பித் திருப்பித் தேய்த்தேன். அக்குள் பக்கம் கையை விட்டு ஈரம் இல்லையென்று பார்த்துக்கொண்டேன். பிறகு, இருந்தபடியே ஒன்றுக்குள் ஒன்றாக மாட்டி, குனிந்து, அந்தச் சணல் கயிற்றிலேயே தொங்கவிட்டேன்.