புளித்தண்ணீரில் போன பன்னிரண்டு கிராம்

வில்லாபுரத்தில் பாண்டிமீனாவிடம் காய் வாங்கலாம், கொசுறு மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், "என் எடை சரியா இருக்கையில கொசுறு எதுக்கு?" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். ஒரு கொத்து கருவேப்பிலைக்கு இவ்வளவு வீம்பா என்று தெரு முணுமுணுக்கும். ஆனாலும் எடையை நம்பி அவளிடம்தான் வாங்கும்.

இரண்டு வருடத்துக்கு முன், எதிர்வீட்டுச் சீனியம்மாள் விளையாட்டாக, "துருப்பிடிச்ச கல்லுல நிறுக்கிறியே, சரியா இருக்குமா?" என்று கேட்டுவிட்டாள். பாண்டிமீனாவுக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து வெள்ளிதோறும் எடைக்கற்களைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, மணல் வைத்துத் தேய்த்து, மஞ்சள் குங்குமம் இட்டாள். சிவந்துபோன அந்தத் தண்ணீரையும் வீணாக்காமல் கொல்லைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். கற்கள் பளபளத்தன.

இந்த ஆவணியில் எடைக்கற்களைச் சரிபார்த்து அரசு முத்திரை போடும் தவணை வந்தது. எடைக்கல் பழுதுபார்க்கும் அழகுமலை, அவளுடைய ஒரு கிலோ கல்லைத் தன் தராசில் வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பன்னெண்டு கிராம் குறையுது தாயி."

"நல்லாப் பாருங்கண்ணே. வாராவாரம் புளி போட்டுத் தேய்க்கிறேன்."

"அதான் குறைஞ்சிருக்கு. துருங்கிறது உன் இரும்புதான், காத்தோட சேர்ந்து அப்படி ஆகுது. அதைப் புளி கரைச்சிருச்சு."

"அப்ப என் இரும்பு எங்கண்ணே போச்சு?"

"எங்க போகும்? நீ தண்ணி ஊத்துன எடத்துல கெடக்கும்."

கல்லின் அடியில் இருந்த குழியில் ஈயத்தை உருக்கி ஊற்றி எடையைச் சரிசெய்தார். இனித் துணியால் துடைத்தால் போதும் என்றார். அவர் வேலை அத்தோடு முடிந்தது.

பாண்டிமீனாவுக்கு அத்தோடு முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தெருவுக்கே எடை குறைத்துப் போட்டிருக்கிறாள், அதுவும் கொசுறு கேட்டவர்களை விரட்டிக்கொண்டு. வெட்கம் பிடுங்கித் தின்றது. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

மறுநாள் காலை முதல் ஆளாகச் சீனியம்மாள் வந்தாள். பாண்டிமீனா தக்காளியை நிறுத்துப் போட்டு, மேலே ஒரு கொத்து கருவேப்பிலையும் வைத்தாள்.

"என்னடி, கொசுறா?"

"கொசுறு இல்லக்கா. தேய்ச்சுத் தேய்ச்சுக் கல்லு குறைஞ்சுபோச்சு. ரெண்டு வருசமா உங்களுக்கெல்லாம் எடை கம்மியாத்தான் போட்டிருக்கேன், தெரியாம. கல்லுல போன இரும்பு அம்புட்டும் எங்க வீட்டுச் செடிக்குத்தான் போயிருக்கு. இது அந்தச் செடியில ஒடிச்சது."

சீனியம்மாள் கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கும் தருவியா?"

"செடி இருக்கிற மட்டும் தாரேன்."