நாற்பது ஃபைல் திருத்திய வசந்தி

வசந்தி போய்விட்டாள். இன்று காலை அவள் தம்பி போன் செய்து சொன்னான்... நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரி போவதற்குள்.

தொண்ணூறுகளின் கடைசியில் மைசூரு ஹெப்பாளில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸ். நானும் அவளும் ஒரே நாளில் சேர்ந்த டிரெய்னிகள்.

கொள்ளேகால்காரி. டிபன் டப்பாவையும் ஃபிளாப்பிகளையும் ஒரே பையில் கொண்டுவருவாள். ஒரு நாள் ரசம் கொட்டி ஃபிளாப்பி எல்லாம் நனைந்துவிட்டது. துடைத்துப் போட்டுப் பார்த்தாள், அதிலும் ஒன்று ஓடியது!

எங்கள் இருவரில் ஒருத்திக்குத்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு ஓப்பன் சோர்ஸ் டெக்ஸ்ட் எடிட்டரை எடுத்து, தேவராஜ மொஹல்லாவில் ஒரு அச்சகத்துக்காக மாற்றிக்கொண்டிருந்தோம். எடிட்டிங் என் பங்கு, பிரிண்டிங் அவள் பங்கு. டெமோ சாயங்காலம் நாலு மணிக்கு, அச்சகத்துக் கம்ப்யூட்டரில்.

டெமோ அன்று மதியம் என் புரோகிராமை அவள் மெஷினில் ஓடுமா என்று கம்பைல் செய்து பார்த்தாள். திரை முழுக்க எர்ரர்.

தப்பு என்னுடையது. புரோகிராமின் தலைப்பில் பெயர் சொல்லிச் சேர்க்கும் ஹெடர் ஃபைல்களில், நாமே எழுதியதை மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும், சிஸ்டத்தோடு வருவதைத்தான் முக்கோண அடைப்புக்குள். நான் எல்லாவற்றையும் முக்கோணத்தில் போட்டுவிட்டு, கம்பைலர் ஹெடரைக் காணோம் என்றதும் எங்கள் ஹெடர்களை என் மெஷினின் சிஸ்டம் ஃபோல்டருக்குள்ளேயே காப்பி செய்து வைத்திருந்தேன். மகா புத்திசாலி!

"இது உன் மெஷின்ல மட்டுந்தான்ப்பா ஓடும். தள்ளி உக்காரு."

நாற்பது ஃபைல். எது எங்களுடையது, எது சிஸ்டத்துடையது என்று பார்த்துப் பார்த்து, தன் வேலையை அப்படியே விட்டுவிட்டு, மூன்றரை வரை உட்கார்ந்து திருத்தினாள்...

டெமோவில் என் பங்கு ஓடியது. அவள் பிரிண்டிங் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டது. ஏன் என்று முதலாளி கேட்டார்.

"டைம் சாலலில்லா சார்." நேரம் போதவில்லை, அவ்வளவுதான் சொன்னாள். நான் வாயே திறக்கவில்லை. வேலை எனக்குக் கிடைத்தது.

அந்தச் சம்பளத்தில்தான் என் தங்கை படித்தாள். வசந்தி வேறு கம்பெனிக்குப் போனாள், என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறினாள். இன்றும் பக்கத்து மெஷினில் ஒரு தடவை கம்பைல் செய்து பார்க்காமல் நான் எதையும் அனுப்புவதில்லை.

பல வருஷம் கழித்து, ஏன் அன்று உண்மையைச் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டேன். சிரித்தாள்.

"நீ சொல்லுவேன்னு இருந்துட்டேன்ப்பா."

இப்போது சொல்கிறேன், எல்லோரும் கேட்க... அன்று ஓடியது உன் வேலை, வசந்தி. நன்றி. போய் வா.