துரை கடிதமும் கிராம சேவகர் சான்றிதழும்

ஹுன்னஸ்கிரிய கடைவீதியில் ஒரு சின்ன அறை காலியானபோது நான் ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்கக் காலர்தான். ஒரு முழுச் சட்டையை என் கையால் தைத்து முடித்து வருடக் கணக்காகியிருந்தது. சொந்தமாக ஒரு தையல் கடை போட்டுவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

அறைக்குச் சொந்தக்காரர் திகனயில் துணிக்கடை வைத்திருந்தவர். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல எல்லோரும் அவரை 'நானா' என்போம். "தங்கச்சி, போன் விக்கிற ஆள் ஒருத்தரும் இந்த அறையக் கேட்டு ஈக்கிறார். நீங்க வியாபாரப் பெயரப் பதிஞ்சிட்டு வாங்கோ. மாசம் முடியும் மட்டும் வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன்" என்றார். அறையை எனக்கு வாடகைக்குத் தருவதாகக் கையோடு ஒரு கடிதமும் எழுதித் தந்தார். என்னை அதற்கு முன் இரண்டு தடவைதான் பார்த்திருப்பார். அந்த நல்ல மனதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

பதிவுக்கு வசிப்பிடச் சான்று வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்த சான்று எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கடிதம் ஒன்றுதான். பிறப்பு, சாவு, அடையாள அட்டை, எதுவானாலும் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் எங்களுக்கு அங்கே போவதுதான் வழக்கம். இரண்டு கிழமை நடையாய் நடந்து, கிளாக்கர் ஐயாவைக் கெஞ்சி, தோட்டத்து மேலாளரான துரையின் கையெழுத்தும் சீலும் வாங்கினேன். கசங்கிவிடக்கூடாதென்று கொப்பிக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பிரதேச செயலகத்தில் இருந்த சிங்கள அம்மா படித்துப் பார்த்துத் திருப்பித் தந்தார். "இது சரிவராது. கிராம சேவகர் சான்றிதழ் வேணும்."

எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. "துரையே கையெழுத்துப் போட்டிருக்காரு, பத்தாதா?"

"துரை தோட்டத்துக்கு, நங்கி. இது அரசாங்கம்." தங்கச்சி என்பதைத்தான் சிங்களத்தில் நங்கி என்றார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்று முணுமுணுத்தபடி வெளியே வந்தேன். அந்த அம்மா பின்னாலேயே வந்து, எங்கள் பிரிவின் கிராம சேவகர் யார், எந்த நாளில் இருப்பார் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையில் திணித்தார். முணுமுணுத்த வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

எங்களுக்கும் ஒரு கிராம சேவகர் இருக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அவர் கீழே இருக்கும் சிங்கள ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் என்றே லயத்தில் நினைத்துக்கொண்டிருந்தோம். மாதம் முடிய ஒரு கிழமைதான் இருந்தது.

ரோட்டுக்குக் கீழே இருந்தது அவருடைய அலுவலகம். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலுக்கு வெளியே நின்று "ஐயா" என்றேன். துரை ஆபீசில் அப்படி நின்றுதான் எங்களுக்குப் பழக்கம். அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் அங்க நிக்கிறது? உள்ள வந்து இருங்க" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

வாக்காளர் பட்டியலில் விரலை ஓட்டி, அப்பா பெயரையும் அதற்குக் கீழே என் பெயரையும் கண்டுபிடித்தார்.

"எவ்வளவு காலம் இந்தப் பிரிவுல இருக்கிறது?"

"பொறந்ததுல இருந்துங்க ஐயா."

"அப்ப ஏன் ஒரு நாளும் இங்க வரல்ல?"

வாழைப்பழச் சீப்பை மேசை ஓரத்தில் வைத்தேன். பிறந்ததிலிருந்து இப்பிரிவில் நிரந்தரமாக வசிப்பவர் என்று அவர் சிங்களத்தில் எழுதி, எனக்காகத் தமிழில் சொல்லிக் காட்டினார். கண் கலங்கிவிட்டது எனக்கு. வாழைப்பழத்தை அவர் தொடவில்லை. "இது என்ட வேலை" என்றார்.

மாதத்தின் கடைசி நாள் பதிவுச் சான்றிதழ் கிடைத்தது. அதே சாயங்காலம் நானா திகனயிலிருந்து வந்து சாவியைக் கையில் வைத்தார். போன்காரர் மூன்று தடவை வந்து கேட்டுப் போனாராம். "அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், தங்கச்சி" என்றார்.

வீட்டுக்கு ஓடி, சான்றிதழையும் சாவியையும் அப்பா மடியில் வைத்து, நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். வாழ்நாள் முழுக்க மலையில் வேலை செய்தவர் அப்பா. சாவியை அவர் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

"கதிரை போட்டு ஒன்னைய உக்கார வச்சா எழுதுனாரு?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

திரும்ப முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.