ஈப்போக்காரர் ஏறாத கப்பல்

நாற்பது வருஷம் கோயில் குளத்துக்குள் இருந்த அத்தி வரதர் மேலே வந்திருக்கிற எழுபத்தொன்பதாம் வருஷம் இது. சின்ன காஞ்சிபுரத்தில் கால் வைக்க இடமில்லை. நானும் ஏகாம்பரமும் சேர்ந்து போவதாகத்தான் பேச்சு. காலையில் போய்க் கூப்பிட்டேன். கால் வீங்கியிருக்கிறது, நீ பார்த்துவிட்டு வந்து சொல் என்றார். வரிசையில் பாதி தூரம் நகர்ந்திருப்பேன். எதிர்வீட்டுத் துளசி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் தோளைத் தொட்டார்.

"ஈப்போக்காரர் போயிட்டாருபா. உக்காந்தபடியே."

வரிசையை விட்டு வெளியே வந்தேன். பெருமாளைப் பார்க்கவில்லை. போன முறை பெருமாள் வந்தபோது நாங்கள் இருவரும் இளவட்டம், சேர்ந்துதான் பார்த்தோம். அது முடிந்த கையோடு ஏகாம்பரம் மலாயாவுக்குக் கப்பலேறி ஈப்போ போனார்; அதனால்தான் ஊரில் அவருக்கு ஈப்போக்காரர் என்று பேர்.

பதினாறாம் நாளுக்குக் கூடியிருக்கிற நீங்கள் எல்லாரும் அவரை அறிந்தவர்கள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல நெசவாளர் சங்கத்து எழுத்தர் எழுதுகிறார். ஒரு விஷயம் மட்டும் உங்களில் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நிலாவில் மனுஷன் இறங்கினான் என்று ரேடியோவில் சொன்னார்களே, அதற்கு மறுவருஷம் ஏகாம்பரம் ஊருக்கு வந்தார். அவருடைய அம்மா படுக்கையில் கிடந்தாள். மனைவி கன்னியம்மாவையும் மகள் காமாட்சியையும் ஈப்போவிலேயே விட்டுவிட்டுத் தனியாகத்தான் வந்தார். முப்பது வருஷம் அங்கே உழைத்தும் அந்த நாட்டுக் குடியுரிமை அவருக்கு இல்லை; சிவப்பு அட்டைதான். வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக ஒரு அனுமதிக் காகிதம் வேண்டும். அதில் ஒரு தேதி போட்டிருக்கும். அம்மா போய்ச் சேர்ந்து, காரியமெல்லாம் முடிந்து, அவர் பெட்டி கட்டிய சமயத்தில்தான் என் அண்ணன் கையில் கொதிக்கிற சாயம் கொட்டியது.

நாங்கள் நெய்துகொண்டிருந்தது பெரிய கரைப் புடவை. அதற்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். உடலுக்கு ஒருவர், கரைக்கு நாடா எறிய ஒருவர்; என்னோடு உட்கார்ந்தது அண்ணன்தான். தறியில் ஒரு தடவை ஏற்றுகிற பாவில் மூன்று புடவை. இரண்டு இறங்கிவிட்டது, மூன்றாவது பாதியில் நிற்கிறது. அது ஒரு கல்யாணத்துக்குச் சொல்லிவைத்தது. புதிதாக ஒருவரை உட்காரவைத்தால் அடி மாறிப்போகும். புடவையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஏகாம்பரத்தின் கை சின்ன வயதில் என்னோடு பழகிய கை. புடவை இறங்கும்வரை இருக்கச் சொல்லி நான்தான் போய்க் கேட்டேன்.

அவர் இங்கிலீஷில் இருந்த அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு, ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியைப் படித்துச் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். கப்பல் பதினைந்து நாளைக்கு ஒன்று. இந்தக் கப்பலை விட்டு அடுத்ததில் ஏறினாலும், சென்னையில் கிளம்புகிற அன்று தேதிக்கு இரண்டு நாள் மிச்சம் இருந்தது. நான் விரல் விட்டு எண்ணிச் சொன்னேன்.

"ரெண்டு நாளு கையிலேயே இருக்குதுபா. இன்னா பயம்?"

நெசவுக்காரனுக்கு நாள் என்றால் புடவை தறியை விட்டு இறங்குகிற நாள்தான். அது கடைக்கு என்றைக்குப் போய்ச் சேர்கிறது என்பதை நாங்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை. அந்தப் பழக்கத்தில் கப்பலையும் அப்படியே எண்ணிவிட்டேன். அவரும் தலையாட்டினார். புடவை இறங்கியது. நல்ல புடவை.

துறைமுகத்துக்கு நானும் போனேன். கப்பல் ஆபீசில் காகிதத்தைப் பார்த்தவர் இரண்டு தரம் பார்த்தார். கப்பல் பினாங்கு போய்ச் சேர ஏழு நாள் ஆகும். தேதி என்பது அங்கே கரையில் கால் வைக்கிற நாளுக்கு. நீர் போய் இறங்கும்போது அது முடிந்து ஐந்து நாள் ஆகியிருக்கும், ஏற்றினால் எங்களைத்தான் கேட்பார்கள் என்றார். பெட்டியின் ஒரு கைப்பிடியை ஏகாம்பரம் பிடித்தார், மறு கைப்பிடியை நான் பிடித்தேன். அப்படியே காஞ்சிபுரம் வந்து சேர்ந்தோம்.

பிறகு அவர் எத்தனை மனுப் போட்டார் என்று எனக்குக் கணக்கில்லை. அங்கே அப்போதுதான் சட்டங்களை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருக்கிற சிவப்பு அட்டைக்காரர்களுக்கே வேலை செய்ய அனுமதி கிடைக்காமல் பலர் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். காலம் கடந்து வெளியே நிற்பவரை யார் கூப்பிடுவார்கள்? கன்னியம்மாவும் அங்கே ஆபீசு ஆபீசாக ஏறினாள். ரப்பர் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு அவளாலும் வர முடியவில்லை. வந்தால் அவளுக்கும் இதே கதிதான்.

அவர் கைக்கடிகாரத்தை நம் நேரத்துக்கு மாற்றவே இல்லை. ஈப்போ நேரத்தில், நம்மைவிட இரண்டு மணி முன்னால் ஓடும். சாயங்காலம் நாலரைக்கு, நல்ல வெயிலில், தறியை நிறுத்திவிட்டு அதைப் பார்ப்பார். "இப்ப கன்னியம்மா வெளக்கு ஏத்தியிருப்பா," என்பார். டீக்கடையில் இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

"இன்னா ஈப்போக்காரரே, கப்பல் வந்துடுச்சா?"

"வந்துக்கினே இருக்குதுபா. நம்ம சாமி தேரு மாதிரி, மூலை திரும்பறதுக்குத்தான் நேரமாவுது."

எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். வீட்டுக்குப் போய் ஒரு ஆழாக்கு அரிசி போட்டு வடித்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். நம் வீட்டில் வந்து சாப்பிடு என்று கூப்பிட்டால் வரமாட்டார். பழகிவிட்டால் அப்புறம் போகும்போது கஷ்டம் என்பார்.

ஐந்தாம் வருஷம் தந்தி வந்தது. கன்னியம்மா இல்லை. இங்கே குளத்தில் அவர் தனியாக முழுகி எழுந்தார். மறுநாள் நாலரைக்குக் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப காமாட்சி ஏத்தியிருக்கும்," என்றார்.

அதற்கு அடுத்த மாதம் காமாட்சியின் கடிதம் வந்தது. எனக்குப் படித்துக் காட்டினார். கப்பல் வருகிற அன்று நானும் அம்மாவும் பினாங்குக் கரையில் வந்து நின்றோம், அம்மா கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தேதிக்குள் வராமல் அங்கே உட்கார்ந்துவிட்டீர்களே, எங்களைவிட உங்களுக்கு ஊர் பெரிதாகப் போய்விட்டதா என்று எழுதியிருந்தாள். என் பேரைப் போட்டு எழுது, மாணிக்கம் கெஞ்சித்தான் நின்றேன், மாணிக்கம்தான் நாளைத் தப்பாக எண்ணினான் என்று எழுது என்றேன். அவர் கடிதத்தை மடித்தார்.

"எழுதினா அது உன்னைத் திட்டும். அதுக்கு உன்னை யாருன்னே தெரியாது. என்னைத் திட்டினா அப்பான்னு சொல்லித் திட்டுது. இருக்கட்டும் உடு."

அவர் மாதம் ஒரு கடிதம் போட்டார். பதில் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு உறை வந்தது. உள்ளே அவள் கல்யாணப் போட்டோ மட்டும் இருந்தது. ஒரு வரிகூட இல்லை. அதைத் தறிக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார். மருமகன் முகம் நல்ல முகம் என்றார். அதற்கப்புறம் டீக்கடையில் யாரும் கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அவர் போன அன்று பெட்டியைத் திறந்தோம். கட்டிய கட்டு அவிழாமல் இருந்தது. கன்னியம்மாவுக்கு வாங்கிய கோயில் குங்குமம் பொட்டலத்திலேயே கறுத்துப் போயிருந்தது. பெட்டியும் கடிகாரமும் காமாட்சிக்கு. அவை போய்ச் சேர வழி செய்வதாகச் சங்கத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இப்போது உங்களுக்குப் படித்துக் காட்டுகிற இந்தத் தாள்களின் நகல் ஒன்றும் அதற்குள் போகும். அவர் எழுத மறுத்ததை நான் எழுதவைத்துவிட்டேன். அவள் என்னைத் திட்டட்டும்.

நான் வைத்துக்கொண்டது அந்த அனுமதிக் காகிதம் ஒன்றுதான். அதில் ஒரு எழுத்துகூட எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் இருட்டில் கொடுத்தாலும், தேதி எந்த இடத்தில் இருக்கிறதென்று விரலை வைத்துக் காட்டுவேன்.

அந்த நாளை நம்பியிருந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். தேதி படித்த வாத்தியார் போனார். கை வெந்த அண்ணன் போனார். கன்னியம்மா போனாள். இப்போது ஏகாம்பரமும் போனார். நான் தப்பாக எண்ணியவன். என்னை இதில் சேர்க்கக்கூடாது. அப்பா வருவார் என்று பினாங்குக் கரையில் வந்து நின்றவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்திதான். ஈப்போவில், காமாட்சி.