வேரோடு எடுத்த ஞானப்பல்

இடது பக்கக் கீழ் உதட்டில் எனக்கு உணர்ச்சி இல்லாமல் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. கிள்ளினாலும் வலிக்காது. டீ வழிந்து முகவாயில் சொட்டும்போது வீட்டுக்காரர் "தொடைச்சுக்கோ" என்று ஜாடை காட்டுவார். அப்போதுதான் எனக்கே தெரியும். பற்றிக்கொண்டு வரும்.

ஞானப்பல் படுத்தவாக்கில் முளைத்துக் கன்னம் வீங்கிப்போய், வடலூரில் ஒரு பல் டாக்டரிடம் போனோம். ஊசி போட்டு, வாய் நிறையப் பஞ்சை வைத்த பிறகு டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். யாரிடம்? அவரிடம்!

"வேரு நரம்பை ஒட்டிக்கினு இருக்கு சார். இழுத்தா உதடு மரத்துப்போயிடலாம். மேல்பகுதிய மட்டும் வெட்டி எடுத்துட்டு, வேரை உள்ளயே வுட்டுடலாம். பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. என்ன பண்ணலாம்?"

இவர் சுரங்கத்தில் மிஷின் ஓட்டுகிறவர். மேல்மண்ணை வாரித் தள்ளி, அடியிலுள்ள கரியைச் சுரண்டி எடுத்தால்தான் வேலை முடிந்த மாதிரி.

"பாதியில வுட்டா அது வேலையாங்க? வேரோட எடுத்துடுங்க. இன்னொரு தடவை லீவு போட முடியாது."

லீவாம் லீவு! வாய் யாருடையது? வேண்டாமென்று தலையை ஆட்டினேன், கையை ஆட்டினேன். "பயப்படாதீங்கம்மா" என்று டாக்டர் தோளில் தட்டினார்.

பல்லைக் கழுவிக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்து, பக்கத்து குவார்ட்டர்ஸ்காரருக்குக் காட்டினார் இந்த மனுஷன். "பாத்தீங்களா, வேரு முழுசா வந்துடுச்சு." உதடு மரத்தே கிடக்கிறது என்றேன். "ஊசி மருந்து எறங்கட்டும்" என்றார். அந்த மருந்து இன்னும் இறங்குகிறது!

போன மாதம் வலது பக்கப் பல். அதே டாக்டர், அதே நாற்காலி. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "சார், இதுவும்..." என்று அவர் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை என் வாயில் பஞ்சு இல்லை.

"இங்க பாருங்க டாக்டர். பல்லு என்னுது. மேல்பகுதிய மட்டும் எடுங்க, வேரு உள்ளயே கெடக்கட்டும்."

வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வந்தார்.

"நீங்க வெளிய போய் உக்காருங்க."

போனார்.

சாயங்காலம் மருந்து இறங்கியதும் வலது உதட்டைக் கிள்ளிப் பார்த்தேன். சுரீர் என்றது. அழுகை வந்துவிட்டது.

"ரொம்ப வலிக்குதா?" என்று பதறிப்போய் வந்தார்.

"வலிக்குது" என்றேன். "அந்தப் பக்கமும் இப்படித்தாங்க வலிச்சிருக்கணும்."