கதவுப் பட்டை

சங்குவானுக்கு மூக்கின் மேல் கோபம் என்று நோன்சவான் ஊரில் சொல்வார்கள். அது தப்பு. மூக்கில் வந்து நிற்கிற கோபம் என்றால் கொஞ்சமாவது நிற்கும். அவருடையது நேராக வாய்க்கு வந்துவிடும். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிப் பிழைக்கிற மனிதர். பழைய பிக்கப் வண்டி ஒன்று, லம்பாய் என்ற பொறுமைசாலி மனைவி, கோன்கேன் நகரத்தில் வேலை பார்க்கும் ஒரே மகன் தேச்சா. சொத்து அவ்வளவுதான்.

மகனுக்கும் ஒராபின் என்ற பெண்ணுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வாழைக்கன்றும் கரும்பும் கட்டி, மேளம் கொட்டி, மாப்பிள்ளையைத் தன் வண்டியில் பெண் வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது சங்குவானின் பல வருட ஆசை. ஆனால் மகன் போனில் சொல்லிவிட்டான்: "அந்த வண்டி வேணாம்ப்பா. நான் வேன் பேசிட்டேன்."

ஏன் வேண்டாம் என்று இவர் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பெயிண்ட் வெளுத்திருந்தது. கதவின் நடுவே நீளமாக ஓடுகிற கறுப்புப் பட்டையின் ஓரத்தில் துரு எட்டிப் பார்த்தது. "பட்டணத்துக்குப் போனவனுக்கு நம்ம வண்டி அசிங்கமாப் போச்சு. பெயிண்ட் அடிச்சு நிறுத்துறேன். அப்புறம் எந்த வாயால வேணாம்னு சொல்றான்னு பாப்போம்" என்றார் லம்பாயிடம்.

பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் முதலில் பட்டைகளைக் கழற்ற வேண்டும். அங்கேதான் சனி பிடித்தது.

மார்கழிக் குளிரில் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகிவிடும். சக்கரத்துக்கு மேலே வளைந்திருந்த பட்டையை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். உள்ளே பிடித்திருந்த கிளிப் பட்டென்று உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. கிளிப்பைத் திட்டினார், அதைச் செய்த கம்பெனிக்காரனின் அம்மாவைத் திட்டினார், விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த லம்பாயையும் திட்டினார்.

"நான் என்னய்யா பண்ணினேன்?"

"நீ மூச்சு விடுறதுல கை ஆடுது!"

"அப்ப மூச்சை நிறுத்திக்கிறேன். காரியத்துக்கு ஆள் சொல்லிவிடு."

கதவுப் பட்டை பசையால் ஒட்டியிருந்தது. லம்பாயின் தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்து சூடு காட்டி, தூண்டில் நரம்பைப் பட்டைக்குப் பின்னால் விட்டு இப்படியும் அப்படியும் அறுக்க வேண்டும். நரம்பு அறுந்தது, கை அறுந்தது, பட்டை ஒருவழியாகக் கழன்றது, அதற்குள் மெஷின் புகைந்து செத்தது. கல்யாணத்துக்கு லம்பாய் தலை அலங்காரம் செய்ய வைத்திருந்த மெஷின் அது. அவள் சமையலறைக்குப் போய்ப் பப்பாளிக்காயை உரலில் போட்டு இடித்தாள். அன்றைக்குச் சாலட்டில் மிளகாய் ரொம்பவே அதிகம்.

பழைய சாமான் கடையில் கிளிப் வாங்கப் போனால், "உங்க வண்டிக்கு முந்தின வருஷத்து கிளிப் இருக்கு, பிந்தின வருஷத்து கிளிப் இருக்கு. உங்க வருஷத்துதான் இல்ல மாமா" என்று கடைக்காரன் சிரித்தான். அவனையும் திட்டிவிட்டு, முந்தின வருஷத்து கிளிப்பை வாங்கிவந்து கத்தியால் சீவிச் சீவிப் பொருத்திப் பார்த்தார். பாதி நின்றது, பாதி ஆடியது.

பெயிண்ட் அடித்துக் கொடுத்தவன் பக்கத்துத் தெரு கம்பான். அடர்ந்த பச்சை, கண்ணாடி மாதிரி. சங்குவான் அதில் தன் முகத்தையே குனிந்து பார்த்துக்கொண்டார். "பனி நேரம்ண்ணே, உள்ளுக்குள்ள இன்னும் காயல. ரெண்டு நாள் கைய வைக்காதீங்க" என்றான் கம்பான்.

ஆனால் சங்குவான் ஏற்கெனவே விகாரைக்குப் போய்த் தலைமைப் பிக்குவிடம் நேரம் கேட்டு வாங்கிவிட்டார். கல்யாணத்துக்கு நேரம் பார்த்தவரிடம், வண்டிக்குப் பட்டை ஒட்டவும் ஒரு நல்ல நேரம் வேண்டும் என்று கேட்டால் அவர்தான் என்ன செய்வார்? வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி ஒன்பது நிமிடம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒன்பதைவிட ராசியான எண் உண்டா?

"நல்ல நேரம் உன் பெயிண்டுக்காகக் காத்துக்கிட்டு நிக்குமாடா?" என்றார் கம்பானிடம்.

"நேரம் நிக்காதுண்ணே. பெயிண்டும் நிக்காது."

வெள்ளிக்கிழமை ஊதுவத்தி கொளுத்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, சரியான நிமிடத்தில் பட்டையைக் கதவில் வைத்து அழுத்தினார். அவசரத்தில் ஒரு முனை மேலே ஏறிவிட்டது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர் என்ன செய்வார்? நேராக்குவோம் என்று முனையைப் பிடித்து இழுத்தார். பட்டை வந்தது. கூடவே புதுப் பச்சை பெயிண்டும் வாழைப்பழத் தோல் மாதிரி நீளமாக உரிந்து வந்தது.

அன்றைக்கு அவர் திட்டியதைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். திட்டித் தீர்ந்ததும் படியில் உட்கார்ந்து அழுதார். லம்பாய் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் தேச்சா வந்து இறங்கினான். கதவைப் பார்த்தான். கட்டுப் போட்டிருந்த அப்பாவின் விரல்களைப் பார்த்தான்.

"இதெல்லாம் யாரு செய்யச் சொன்னா?"

"நீதான்டா! வண்டி அசிங்கமா இருக்குன்னு வேணாம்னியே!"

"வண்டி அசிங்கம்னு நான் எப்பப்பா சொன்னேன்?" தேச்சா பையைக் கீழே வைத்தான். "ஒராபினை ஒரு தடவை சந்தைக்குக் கூட்டிட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா? ரோட்டைத் திட்டின, மாட்டைத் திட்டின, எதிர்ல வந்தவனையெல்லாம் திட்டின. அந்தப் புள்ளை வயித்து வலின்னு பொய் சொல்லி இறங்கி, பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போச்சு. கல்யாணத்தன்னைக்கும் நான் அதைக் கேட்டுக்கிட்டே போகணுமா? வண்டி வேணாம்னு சொல்லலப்பா. உன் வாய்தான் வேணாம்."

செருப்படி வாங்கியிருந்தால்கூடச் சங்குவானுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

லம்பாய்தான் நடுவில் புகுந்தாள். "உங்கப்பா வாயைத் திறக்காம ஓட்டட்டும். ஒரு வார்த்தை பேசினாலும் நீ இறங்கி வேன்ல ஏறிக்கோ. வேனும் பின்னாடியே வரட்டும்."

"இவராவது, பேசாம இருக்கிறதாவது" என்றான் தேச்சா. ஆனாலும் சம்மதித்தான்.

உரிந்த இடத்தை மறைக்க அதே பட்டையை மறுபடி ஒட்டி, மேலும் கீழும் அழுத்தி வைத்தார் சங்குவான். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் கிளம்பியது. வண்டியின் பின்னால் வாழையும் கரும்பும் ஆடின. அதன் பின்னால் மேளக்காரர்களின் வண்டி, கடைசியில் காலி வேன். மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் குறுக்கே பாய்ந்தான். சங்குவானின் கழுத்து நரம்பு புடைத்தது, விழுங்கிக்கொண்டார். எருமை ஒன்று நடுரோட்டில் நின்று அவரையே பார்த்தது. அதையும் விழுங்கிக்கொண்டார். லம்பாய் சிரிப்பை அடக்க மேல்துண்டின் ஓரத்தை வாயில் வைத்துக்கொண்டாள்.

நெல்வயல்களைத் தாண்டும்போது பட்டை படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு பிய்த்துக்கொண்டு பறந்தது. பின்னால் வந்த மேளக்காரர்களின் வண்டி அதன் மேல் ஏறி இறங்கியது.

"நிறுத்துப்பா!" தேச்சா பட்டு உடையோடு குதித்து ஓடினான். நொறுங்கிக் கிடந்ததைக் கையில் எடுத்தான். "கண்ணு முன்னாடி இருக்கா, பின்னாடி இருக்கா? எருமை மாட்டுக்கு லைசென்ஸ் குடுத்த மடையன் யாருடா? எங்கப்பா கையை அறுத்துக்கிட்டு ஒட்டினதுடா அது!"

வார்த்தைக்கு வார்த்தை சங்குவான். கையை வீசுகிற விதம்கூட அவர்தான். மேளக்கார ஓட்டுநர், பாவம், வயதான மனிதர், ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒடுங்கிப்போனார்.

சங்குவானுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. தனக்காகப் பேச ஒருவன் இருக்கிறான். பிறகு அந்த வயதானவரின் முகத்தைப் பார்த்தார். தன்னிடமிருந்து ஒராபின் பஸ் ஏறித் தப்பித்தாள். இன்று தாலிக்குச் சமமான நூலைக் கையில் கட்டிக்கொண்ட பிறகு, இவனிடமிருந்து எந்தப் பஸ் ஏறுவாள்?

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"போதும்டா. ஒட்டினது நான், சரியா ஒட்டாதது என் தப்பு. அவரை விடு." குரல் அவருக்கே பழக்கமில்லாததாக இருந்தது. "இந்த வாயை அந்தப் புள்ளை வீட்டுக்குள்ள கொண்டுபோகாத."

தேச்சா கையை இறக்கினான். அப்பா பேசிவிட்டார், பேச்சுப்படி அவன் வேனில் ஏற வேண்டும். மேளக்காரரிடம் போய் இரண்டு கைகளையும் குவித்துத் தலைகுனிந்தான். திரும்பி வந்து, உரிந்துபோன கதவைத் திறந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.