மாத்திரைக்குக் கேட்காத வலி

நான் பொய் சொன்னேன். டாக்டர் கேட்ட ஒரு கேள்விக்கு, தெரிந்தே, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பொய் சொன்னேன். அதற்கான வேதனையை என் மகள் பட்டாள்.

என்னைக் கண்டால் நீங்களும் வணக்கம் சொல்வீர்கள். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிறவன் நான். கொதிக்கிற வெல்லப்பாகை விரலால் தொட்டுப் பதம் பார்ப்பேன். "அண்ணாச்சிக்குத் தோலா, தகரமா?" என்று வேலைக்கு வரும் பெண்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு விரலை விட்டிருக்கிறேன்... எவ்வளவு அற்பமான ஆசை!

சில வருடங்களுக்கு முன் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. மரத்துப்போன உணர்வு விலகியதும் வலி வந்தது. மாத்திரை கொடுத்தார்கள், விழுங்கினேன். வலி கேட்கவில்லை. மறுபடி கொடுத்தார்கள். துளிகூடக் கேட்கவில்லை! சுவர்ப்பக்கம் திரும்பித் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

பார்க்க வந்தவர்களிடம் சிரித்தேன். "ஒரு மாத்திரை. அம்புட்டுத்தான், வலி போயிட்டு" என்றேன். கடைத்தெரு முழுக்க அது பேச்சாயிற்று. என் மனைவிக்குக்கூட உண்மை தெரியாது. வலியைச் சொல்லாமல் இருப்பது வீரம் என்று எந்த முட்டாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தான்? யாரும் சொல்லவில்லை. நானேதான் அந்த முட்டாள்!

சென்ற வருடம் என் மகள் பொன்மணி, கயத்தாற்றில் வாழ்க்கைப்பட்டவள், வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டாள். எலும்பில் பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முன் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். மருமகனும் சம்பந்தியும் என் பக்கத்தில் நின்றார்கள்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது ஆபரேஷனுக்கு அப்புறம் வலி மாத்திரைக்குக் கேக்காம இருந்திருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருந்தது? கடித்த துண்டு நினைவுக்கு வந்தது. சம்பந்தியின் முகமும் கண்ணில் பட்டது.

"எங்க வீட்டுல அப்படியெல்லாம் கெடையாது டாக்டரம்மா. எனக்கே அறுத்திருக்கு. ஒரே மாத்திரையில எந்திரிச்சு ஒக்காந்தேன்லா!"

சம்பந்தி பெருமையாகத் தலையாட்டினார். நான் குளிர்ந்து போனேன். அந்தக் குளிர்ச்சிக்கு இன்றும் என்னையே செருப்பால் அடிக்கலாம் போலிருக்கிறது!

எனக்குக் கொடுத்த அதே மாத்திரையைத்தான் அவளுக்கும் கொடுத்தார்கள்.

மத்தியானத்திலிருந்து கத்தினாள். "யப்பா... தாங்க முடியலப்பா... டாக்டர்ட்டச் சொல்லுங்கப்பா..." கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துக் கிடந்தன. "மாத்திரதான் குடுத்தாச்சுல்லா, பொறுத்துக்கோ" என்றாள் நர்ஸ். சம்பந்தியம்மா என் மனைவியிடம், "ஒங்க மக ரொம்பச் செல்லமா வளந்துட்டா போல" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து அவள் காதில், "ஏட்டி, பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெட. சம்பந்தி வீட்டுக்காரவிய நிக்காவல்லா" என்றேன்.

அந்த அறையில் அவள் வலி எப்படிப்பட்டதென்று அறிந்தவன் நான் ஒருவனே! அவளை அடக்கியவனும் நானே!

அன்று சாயங்காலம் டாக்டரம்மா வந்து பார்த்தார். காலை அழுத்திப் பார்த்தார், கட்டைத் தளர்த்தினார். பிறகு ஏதோ யோசித்து வேறு மருந்து ஊசியில் ஏற்றச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பொன்மணி அயர்ந்து தூங்கிவிட்டாள்.

வெளியே வந்தவர் எங்களிடம் விளக்கினார். "அந்த மாத்திரை அப்படியே வேலை செய்யாது. ஈரல் அதை மாத்தினாத்தான் வலி குறையும். சிலருக்குப் பிறவியிலேயே அந்தச் சக்தி இருக்காது. ரத்த வழியா வர்ற விஷயம். அதனாலதான் கேட்டேன். தெரிஞ்சிருந்தா முதல்லயே மருந்தை மாத்தியிருப்பேன்."

பிறகு என் மனைவியைப் பார்த்தார். "அம்மா வழியில யாருக்காவது இருந்திருக்கலாம்."

"எங்க ஆளுககிட்ட இருந்துதான் வந்திருக்கும்" என்று அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எம் பிள்ளைக்கு நாந்தான் இதக் குடுத்துட்டேன்."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்! முதல் பொய்யாவது வாய் தவறியது என்று சொல்லித் தப்பலாம். இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

இப்போது பொன்மணி நன்றாக நடக்கிறாள். போன மாதம் கடைக்கு வந்தாள். நான் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தேன். அடுப்பருகே வந்து நின்றாள்.

"யப்பா... ஆசுபத்திரில அவிய எல்லார் முன்னாலயும் ஒங்க மானத்த வாங்கிட்டேன். ஒங்கள மாதிரி எனக்குத் தாங்கத் தெரியலப்பா. மனசுல வச்சுக்கிடாதீங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! என் ரத்தத்தில் வந்ததை, என் பொய்யால் பட்டதை, தன் குற்றம் என்று நினைத்து இத்தனை நாளாகச் சுமந்திருக்கிறாள்... வாயைத் திற, நாயே, சொல்லு என்று உள்ளே ஏதோ கத்தியது. சொல்லியிருக்கலாம். யாருமில்லை, நாங்கள் இருவர்தான்.

"சரி, விடுட்டி" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. நான் பாகில் விரலை விட்டுப் பதம் பார்த்தேன். "கையச் சுடப்போகுதுப்பா" என்றாள்.

"எனக்கு எங்க சுடுது?" என்றேன்.